கமர்கட் வாயில் கரையும் வரை

கமர்கட் என்றால் என்ன என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். பெரிய படிப்பு படித்த பிள்ளை, பணிவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது. வெல்லத்தையும் தேங்காயையும் சேர்த்துக் காய்ச்சி உருட்டியது அது. பெட்டிக்கடை ஜாடியில் இருக்கும். வாயில் போட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொள்ளும், லேசில் கரையாது. இந்தத் தொழிலில் நான் உருப்பட்டதற்குப் பாதிக் காரணம் கமர்கட்தான். சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவளைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதுங்கள் மேடம் என்றது நீங்கள்தான். இனி படித்துத்தான் ஆக வேண்டும்.

நான் ஆவடிப் பெண். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் நெல்லைத் தமிழ் கேட்கும், அடுத்த வீட்டில் கோவைத் தமிழ் கேட்கும், தெருமுனைக் கடைக்குப் போனால் அசல் மெட்ராஸ் பாஷை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வகுப்பு கிடையாது. அறையைப் பெருக்கி, கீபோர்டுகளைத் துடைத்து வைத்தால் மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை மெஷின்கள் கம்ப்யூட்டர் பைத்தியங்களான எங்கள் சிலர் வசம் என்று அதன் உரிமையாளர் அனுமதி கொடுத்திருந்தார். காலையில் சர்ச், மதியம் வீட்டில் கறிக்குழம்பு, அப்புறம் சைக்கிளை எடுத்தால் நேராகக் கள்ளிக்குப்பம். வேதாகம வகுப்புக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

அங்கே போனது கேம் ஆடுவதற்கு இல்லை, கேம் செய்வதற்கு. பச்சை எழுத்துத் திரை, கையில் எடுத்துப் படபடவென்று விசிறிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஃப்ளாப்பி. மெஷினில் சத்தம் என்றால் ‘பீப்’ ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு பட்டம் அறுக்கும் கேம், பல்லவன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கும் கேம், அம்பத்தூர் ரயில்வே கேட் மூடுவதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடும் கேம் என்று செய்து குவித்தோம். யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை. அந்த கேம்களை உலகத்தில் ஆடியவர்கள் மொத்தமும் அந்த அறையிலேயே இருந்தோம்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் பாஸ்கர். பட்டரவாக்கத்துப் பையன், என்னுடைய வயதுதான். மகா மூளைக்காரன், ஆனால் ஸ்கோர், நேரம் என்று புரோகிராமில் வரும் எண்களுக்கெல்லாம் தன்னுடன் டுடோரியலில் படித்த பெண்களின் பெயரை வைப்பான். அவனுடைய புரோகிராமில் கவிதா வீணாவைவிடப் பெரியவளாகிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். கவிதா யார், வீணா யார் என்று அவனே மறுவாரம் விழிப்பான். பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும் என்று உங்களுக்கு இப்போது பயிற்சி வகுப்பில் சொல்கிறார்களே, நான் அதை பாஸ்கரின் காதல் தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டேன்.

இன்னொருவன் யூசுப். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பட்டறையில் ஃபிட்டர் பயிற்சியில் இருந்தான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவன் செய்த கேமை யாராவது ஆட உட்கார்ந்தால், பின்னால் நின்றுகொண்டு லெஃப்டுல போ, இப்ப சுடு, அய்ய அது இல்ல மாமே என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பான். ஆடுகிறவன் கைதான் ஆடும், மூளை யூசுப்புடையது. ஒரு ஞாயிறு பாஸ்கருக்குப் பொறுக்கவில்லை. கீழே போய் ஒரு கமர்கட் வாங்கிவந்து யூசுப்பின் வாயில் திணித்துவிட்டான். அன்றைக்குத்தான் யூசுப்பின் கேம் யாருக்குமே புரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. யூசுப்புக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து அது எங்கள் சட்டமாகிவிட்டது. உன் கேமை இன்னொருவர் ஆடும்போது நீ வாயில் கமர்கட் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும். அது தானாகக் கரையும் வரை பேச்சு கிடையாது, சைகை கிடையாது, பெருமூச்சுகூடக் கிடையாது. கடித்து விழுங்கினால் அது கள்ளாட்டம். வாயைத் திறந்தவர்தான் அடுத்த வாரம் அறையைப் பெருக்க வேண்டும். பல வாரம் யூசுப்தான் பெருக்கினான்.

என் முறையும் வந்தது. நான் செய்த கேமின் பெயர் ‘குடம்’. தெருவில் தண்ணீர் லாரி வரும், நீங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு மற்ற குடங்களை முந்திப் போய்ப் பிடிக்க வேண்டும். கோடை காலத்து மெட்ராஸில் அதைவிடப் பரபரப்பான கேம் என்ன இருக்க முடியும்? எனக்கு ஒரே பெருமை. யூசுப் ஆட உட்கார்ந்தான். நான் கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

லாரி என்று நான் வரைந்திருந்தது வெறும் கட்டம். அது தெருவுக்குள் வந்ததும் யூசுப் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டான். லாரி வர வர அவன் விலகி விலகி ஓடினான். மற்ற குடங்களெல்லாம் நிரம்புகின்றன, இவன் குடம் காலி. திரையிலிருந்து என் பக்கம் திரும்பி, எவ்வளவு நேரமாகத் தாக்குப்பிடிக்கிறேன் பார் என்று பெருமை வேறு. எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறக்கவும் முடியாது. கமர்கட் கரைந்தவுடன் அவன்மேல் பாய்ந்துவிட்டேன்.

“அது தண்ணி லாரிடா, மடையா!”

“லாரின்னு எங்க போட்டுகீது?” என்றான் யூசுப், கொஞ்சமும் அசராமல். “எந்த ஊட்ல எவன் ஆடினாலும் நீ ஃப்ளாப்பி கூடவே போயி, பக்கத்துல குந்திகினு சொல்லுவியா?”

கோபத்தில் அன்று அவனோடு பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆவடி போய்ச் சேருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது, கேள்வி மட்டும் இறங்கவில்லை. மறுவாரம் லாரியின் பின்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகவிட்டேன். அவ்வளவுதான். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் யாரும் சொல்லாமலே லாரியைத் துரத்தினார்கள். கல்லூரியில் மூன்று வருடமாக யாரும் எனக்குச் சொல்லித் தராத பாடம் இது. நீங்கள் எழுதியது நீங்கள் இல்லாத இடத்தில்தான் ஓடப்போகிறது.

சரி, இதுவரைக்கும் விளையாட்டு. இனி வயிற்றுப்பாடு.

படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். சுற்றியிருந்த தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கணக்கு, எந்தச் சரக்கு எங்கே போகிறது என்ற அனுப்புச் சீட்டு இவற்றுக்கெல்லாம் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். நான் சேர்ந்த சில மாதங்களில், வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. சரக்கு ஊர் மாறிப் போகிறது. மதுரைக்குப் போக வேண்டிய பெட்டிகள் ஓசூரில் போய் இறங்குகின்றன. அதிலும் சின்னச் சரக்கெல்லாம் ஒழுங்காகப் போகிறது, பெரிய சரக்கு மட்டும் மாறுகிறது.

அங்கே அனுப்புச் சீட்டைக் கம்ப்யூட்டரில் அடிப்பவர் கஸ்தூரி என்ற அம்மாள். பூந்தமல்லிக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். கணவர் வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்ததால் இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பெரிய சரக்கு மட்டும் மாறுகிறது என்றதும் அங்கே இருந்த மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இது கவனக்குறைவு இல்லை, இந்த அம்மாள் யாரிடமோ கைநீட்டி வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே மாற்றுகிறாள் என்பது அவருடைய கணிப்பு. பேக்கிங் ஹாலில் எல்லார் எதிரிலும் அவரைத் திருடி என்றே சொல்லிவிட்டார். வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் புரோகிராமில் தவறு இல்லை என்று எங்கள் கம்பெனி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் பாக்கி.

எங்கள் சீனியர் ஒருவர் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கெட்டிக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன். அவரே உட்கார்ந்து சீட்டுகளை அடித்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை முறைப்படி சொல்லும் வேலைக்கு என்னை அனுப்பினார் முதலாளி. போ, பார், புரோகிராம் சரி என்று சொல், மதியத்துக்குள் வந்துவிடு. இவ்வளவுதான் எனக்கு உத்தரவு.

போனேன். மேனேஜர் என்னை அழைத்துக்கொண்டு போய்க் கஸ்தூரி அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அடித்துக் காட்டச் சொன்னார். அந்த அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு எழுத்து அடிப்பார், திரையைப் பார்ப்பார், அடுத்த எழுத்து அடிப்பார். ஒரு சீட்டு முடிய நேரம் இழுத்தது. ஆனால் ஒரு தவறும் வரவில்லை. பார்த்தீர்களா, நாம் பார்த்தால் சரியாக அடிக்கிறாள் என்றார் மேனேஜர்.

பின்னால் நின்று ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் ஆடுகிறவர் தன் ஆட்டத்தை ஆட மாட்டார். எனக்கு யூசுப்தான் ஞாபகத்துக்கு வந்தான். நான் வேலைக்குப் புதுசு, அவர் தலை நரைத்த மேனேஜர். இருந்தாலும், கொஞ்ச நேரம் நீங்கள் உங்கள் அறையில் இருங்கள் சார், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் போனார்.

கேட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போய்க் கமர்கட் வாங்கி வந்தேன். எனக்கு என் வாயைத் தெரியும். அந்த அக்காவிடம் இன்றைக்கு வந்த சீட்டுகளை வழக்கம்போல அடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை வாயில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதலில் அவர் சும்மா இருக்கவில்லை. இத்த இப்டி அடிக்கட்டுமா பாப்பா, இது சரியா பாப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாயைக் காட்டித் தலையாட்டினேன். கிறுக்குப் பெண் என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டார். அப்போதுதான் அவருடைய நிஜ வேகம் வந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கை அது. கண் சீட்டை விட்டு நகரவில்லை, திரைப் பக்கம் திரும்பவே இல்லை, விரல்கள் மழை மாதிரி விழுந்தன. இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தானே பழக்குவார்கள், கண் தாளில், கை பொறியில். நானும் ஒரு கோடை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தவள்தான்.

அவர் சீட்டைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். சரக்கு, அடுத்துப் பெட்டிகளின் எண்ணிக்கை, அடுத்து எந்தக் கம்பெனிக்கு, கடைசியாகக் குறிப்பு. ஒவ்வொன்றையும் அடித்து என்டர் தட்டினால் அடுத்த கட்டம். கடைசியில் ஒரு தனிப் பொத்தானைத் தட்டினால் அந்தச் சீட்டு முடிந்து, அடுத்தது முதல் கட்டத்தில் தொடங்கும். எண்ணிக்கைக்கு மூன்று இலக்கம் கொள்ளும் அளவுக்குக் கட்டம் வைத்திருந்தோம். பெரும்பாலான சீட்டில் எண்ணிக்கை இரண்டே இலக்கம். பிறகு மதுரைக் கம்பெனி ஒன்றுக்குப் பெரிய ஆர்டர் வந்தது, மூன்று இலக்கம். மூன்றாவது எண் விழுந்ததும் கட்டம் நிரம்பி, திரை தானாகவே அடுத்த கட்டத்துக்குத் தாவியது. அதைப் பார்க்காத அந்த அக்கா, பழக்கத்தில் என்டர் தட்டினார். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய கட்டம் தாண்டிப் போய்விட்டது. முந்தைய சீட்டின் பெயர் அங்கே அப்படியே தங்கிவிட்டது. அவர் அடித்த மதுரைக் கம்பெனியின் பெயர், யாருமே படிக்காத குறிப்புக் கட்டத்தில் போய் விழுந்தது. அங்கிருந்து தாவ வேறு கட்டம் இல்லாததால், அவர் மறுபடி என்டர் தட்டியதும் மெஷின் ஒரு ‘பீப்’ அடித்தது. பக்கத்திலேயே ரப்பரை அழுத்தும் பிரஸ்கள் தடதடத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது யார் காதில் விழும்?

அடுத்த சீட்டு இரண்டு இலக்கம். எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, கத்த முடியவும் இல்லை. ஒருமுறை பார்த்தது கண் தவறாகக்கூட இருக்கலாம், இன்னொரு பெரிய ஆர்டர் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. அதே தாவல், அதே என்டர். இந்த முறை முந்தைய சீட்டு ஓசூர், அதனால் இந்தச் சரக்கும் ஓசூருக்குப் புறப்பட்டது.

பிள்ளைகளே, சீனியர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அவர் நம்மைப் போலத் திரையைப் பார்த்து அடிக்கிறவர். கட்டம் தாவியதைக் கண்ணால் பார்த்து, என்டர் தட்டாமல் விட்டிருப்பார். தான் விட்டதே அவருக்குத் தெரிந்திருக்காது. வேலை தெரியாதவர்களிடம் எங்கள் புரோகிராம் ஒழுங்காக நடந்துகொண்டது. வேலை நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும் காலை வாரிவிட்டது. அந்த அக்காவுக்கு ஆடத் தெரியும். கூடம்தான் நிஜமாகவே கோணல்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். என்னம்மா, அந்தம்மா தப்புதானே என்றார். நான் வாயைத் திறக்கப் பார்க்கிறேன், பல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு விரலைத் தூக்கிப் பொறுங்கள் என்று காட்டினேன். அவர் என்னைப் பார்க்கிறார், கஸ்தூரி அக்கா என்னைப் பார்க்கிறார், நான் தாடையை அசைத்துக்கொண்டிருக்கிறேன். மானம் போனது போங்கள். ஆனால் அந்தச் சிறிய இடைவெளியில்தான் நான் யோசித்தேன். நம் புரோகிராம்தான் தப்பு என்று சொன்னால் முதலாளி என்னைக் கடித்துக் குதறிவிடுவார், வேலை போனாலும் போகலாம். பூசி மெழுகிச் சொல்லவும் வழி இருந்தது. அவசரமாக அடிக்கிறார், நிதானம் வேண்டும் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. யாருக்கும் சேதமில்லை என்று தோன்றும். அந்த அக்காவைத் தவிர.

ஒட்டிய பல் பிரிந்ததும், “தப்பு எங்க புரோகிராம்ல சார்” என்றேன்.

மேனேஜர் நம்பவில்லை. ஊர் மாறிப்போன பழைய சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, அக்கா, வழக்கம்போல அடியுங்கள் என்றேன். மேனேஜர் கண்ணெதிரே பெயர் மாறியது. பிறகு நான் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். ஆள் தானாக என்டர் தட்டும் வரை கட்டம் நகரக்கூடாது, அவ்வளவுதான். அதே சீட்டை அதே வேகத்தில் மறுபடி அடிக்கச் சொன்னேன். மதுரை மதுரைக்கே போனது. மேனேஜர் ம்ம் என்றார். சரி, வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டு, எங்கள் முதலாளிக்குப் போன் போட நடந்தார். அந்தப் போன் பேச்சின் விளைவாக முதலாளி அடுத்த ஒரு மாதம் என்னிடம் ‘ம்’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வேலையை விட்டு மட்டும் அனுப்பவில்லை. அந்த ஒரு வரியைப் பிறகு எங்கள் புரோகிராம் எல்லாவற்றிலும் சேர்க்கச் சொன்னார், அதையும் ‘ம்’ என்றுதான் சொன்னார்.

மேனேஜர் போன பிறகு கஸ்தூரி அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊட்ல சோத்துக்கு உப்பு போட்டனா இல்லியான்னுகூட ரெண்டு தபா பாக்குறேன் பாப்பா,” என்றார். “என் கை மேல எனக்கே நம்பிக்க பூடுச்சு.”

உங்கள் கை சரியாகத்தான் அக்கா அடித்தது என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். கொஞ்சம் ஆறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“திருடின்னு எல்லார் எதுர்லயும் சொன்னாரு. என் தப்பு இல்லன்னு ஆனதும் உங்கிட்ட ம்ம்னு மட்டும் சொல்லிட்டு பூட்டாரே?”

அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். பார்த்ததோடு என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எழுந்து பேக்கிங் ஹாலுக்குப் போனேன். டீ நேரம், எல்லாரும் கண்ணாடி டம்ளரும் கையுமாக நின்றிருந்தார்கள். கஸ்தூரி அக்கா என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். பிரஸ் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னேன். சரக்கு மாறியது எங்கள் கம்பெனி எழுதிய புரோகிராமால்தான், இந்த அக்கா ஒரு தவறும் செய்யவில்லை, நான் என் கண்ணால் பார்த்தேன்.

பெட்டி கட்டும் ஒரு பெரியவர், எங்களுக்கு அப்பவே தெரியும் கஸ்தூரி, நீ அப்படிப்பட்டவ இல்லன்னு என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கஸ்தூரி அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

“தெரியுமில்ல,” என்றார். “அன்னிக்கு அவுரு எதுர்ல வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”